சீனித்தம்பி அண்ணனைக் கடலில் தொலைத்த பாட்டு

இப்ப எங்கட குழுவுக்குச் சவுண்ட் பாக்கிற ஷர்மி, கையில ஒரு டேப்லெட்டை வைச்சுக்கொண்டு மைதானம் முழுக்க நடந்து திரியிறா. பாக்கிற ஆக்களுக்கு, சிக்னல் கிடைக்காம அலையிற பிள்ளை மாதிரித்தான் தெரியும். ஆனா அவ அங்க நிண்டபடியே மேடையில வாசிக்கிற வயலின்ட சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறா. மேசையில மிக்சர் எண்டு ஒரு பெட்டியே இல்ல. போன மாசம் என்னட்டக் கேட்டா: "ராசன் அண்ணே, இதெல்லாம் இல்லாத காலத்துல எப்பிடிச் செஞ்சீங்க? ஒருக்கா எழுதித் தாங்களன்." சரி எண்டு வாயைக் குடுத்திட்டன். இந்த வாயால நான் பட்ட பாடு கொஞ்சமில்ல. திறக்க வேண்டிய இடத்துல திறக்காது, மூட வேண்டிய இடத்துல மூடாது.

நான் தொழில் படிச்ச கதையை நாலு வரியில முடிக்கலாம். லவுட்ஸ்பீக்கர் செற் வாடகைக்கு விடுற ஒரு கடையில வயர் சுத்தப் போனன். கோயில் திருவிழா, கலியாண வீடு, செத்த வீடு, தேர்தல் கூட்டம், எல்லாத்துக்கும் ஒரே பெட்டி, ஒரே சத்தம். ஊருக்குக் கேட்டா நல்ல செற். பக்கத்து ஊருக்கும் கேட்டா அதவிட நல்ல செற். அவ்வளவுதான் படிப்பு.

நிர்மலா டீச்சர் என்னைப் பிடிச்சது ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவில. அவ அங்க சங்கீதம் படிப்பிச்சவ. பிள்ளைகள் பாடி முடிய நேர என்னட்ட வந்து, "தம்பி, பிள்ளைகள் பாடினது ஒண்டும் கேக்கல்ல. உங்கட பெட்டி பாடினது மட்டும் நல்லாக் கேட்டுது" எண்டா. எனக்கு ரோசம் வந்திட்டு. "அப்ப நீங்களே வந்து போட்டுப் பாருங்க" எண்டன். அவ சேலைத் தலைப்பை இடுப்பில செருகிக்கொண்டு உண்மையாவே வந்து மிக்சருக்கு முன்னால குந்தினா. எல்லாத்தையும் பாதிக்குக் குறைச்சா. அடுத்த பாட்டில ஒரு பிள்ளை பாட முதல் மூச்சு எடுக்கிற சத்தம் என்ட பெட்டிக்குள்ளால கேட்டுது. அத்தனை வருசத்துல அப்பிடி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்ல. அண்டையில இருந்து நான் டீச்சர்ட ஆள்.

டீச்சர் அப்பதான் ஒரு குழு துவங்கியிருந்தா. பேர் 'முகத்துவாரம்'. வாவி கடலோட சேருற இடத்துட பேர். போன் எடுத்து இறால் இருக்கா எண்டு கேட்ட ஆக்களும் உண்டு. மத்தளத்துக்குத் தவம். ஊத் எண்ட வாத்தியத்துக்குக் காத்தான்குடி ஹனிபா நானா. அவர் கட்டாரில பத்து வருசம் ஏசி திருத்தினவர். வெளிநாட்டால வாற எல்லாரும் டிவி, பிரிட்ஜ் எண்டு கொண்டுவர, நானா மட்டும் பானை வயிறு மாதிரி இருக்கிற அந்த அரபு நரம்பு வாத்தியத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு வந்து இறங்கினாராம். வீட்டில மூண்டு நாள் ஒருத்தரும் முகம் குடுக்கல்லயாம். ரபான் எண்ட கைப்பறையும் நல்லாத் தட்டுவார். வயலினுக்கு எல்மோ. போர்த்துக்கேய வழிவந்த பறங்கி ஆள், தச்சுவேலை, அவங்கட கலியாண வீடுகளில கபிரிஞ்ஞா ஆட்டத்துக்கு வாசிச்சுப் பழகின கை.

டீச்சர் பென் டிரைவ் நிறைய உலகத்துப் பாட்டெல்லாம் வைச்சிருந்தா. ஆபிரிக்கப் பாலைவனத்துப் பாட்டு, அரபுப் பாட்டு, எங்கயோ தீவில போர்த்துக்கேயத்தில பாடுற பாட்டு. கடைசியாச் சொன்னதைப் போட்டா எல்மோ, "எனக்கு முழுக்க விளங்குது" எண்டுவார். என்ன சொல்லுது எண்டு கேட்டா, "காதல்" எண்டுவார். எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே பதில்தான். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, எங்கட பொம்பிளைகள் பாடுற கவிகளை இந்த வாத்தியங்களோட சேத்துப் பாடுறதுதான் எங்கட வேலை. ஒரு பத்திரிகைக்காரர் வந்து, "உங்களுக்கு உலக இசையில எப்பிடி ஈடுபாடு வந்தது?" எண்டு கேட்டார். ஹனிபா நானா யோசிக்காமச் சொன்னார்: "கல்லடிப் பாலம் தாண்டினா உலகம்தானே தம்பி." அவர் அதை அப்பிடியே தலைப்பாப் போட்டிட்டார்.

சவுண்ட் செக்குக்கு எங்களிட்ட ஒரு ஒழுங்கு இருந்திச்சு. ஷர்மி, இதைக் கவனமாப் படி. முதல்ல மேடையில ஒருத்தரும் ஏறக்கூடாது. நான் மைதானத்தில மூண்டு இடத்தில நிண்டு கை தட்டுவன். தட்டின சத்தம் எந்தச் சுவரில பட்டுக் கிறுகி வருது எண்டு கேப்பன். மறுகா மத்தளம், ரபான், வயலின், ஊத், கடைசியா டீச்சர்ட குரல். ஒவ்வொரு மைக்கையும் அது கூவத் துவங்கும் வரைக்கும் கூட்டி, கூவின உடன ஒரு நெல்லளவு குறைப்பன். ஊத்துட ஓட்டைக்கு நேர மைக் வைக்க ஒண்ணா, கூடாது. ரெண்டு விரல் கீழ வைக்கணும். நேர வைச்சா பானைக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரிக் கேக்கும். கடற்கரை எண்டா மைக்குக்குக் கைக்குழந்தைட காலுறை ஒண்டு போடுவன், காத்து அடிக்காம. டீச்சர் அந்தக் காலுறைட நிறம் அவட சேலைக்குப் பொருந்தல்ல எண்டு மாத்தச் சொன்ன நாளும் உண்டு.

எல்லாரும் மைக்கில 'ஹலோ, வன், டூ, த்ரீ' எண்டு சொல்ல, டீச்சர் மட்டும் அண்டைக்கு வீட்டில ஆக்கினதைச் சொல்லுவா. "கத்தரிக்காய்ப் பால்கறி. முருங்கையிலைச் சுண்டல். பாரை மீன் புளியாணம். பப்படம்." பப்படத்தில 'ப' காத்தடிக்குதா, சுண்டலில 'ச' காதில குத்துதா எண்டு கேட்டு நான் திருத்துவன். மைதானத்தில கதிரை அடுக்கிற ஆக்கள் பசியில வேலையை விட்டிட்டு நிண்டு கேப்பாங்க. டீச்சர் ஒருநாளும் ஒருத்தரையும் ஏசமாட்டா. சத்தம் போடவும் மாட்டா. கோவம் வந்தா மட்டும் செந்தமிழுக்கு மாறுவா. "ராசன், வயலினைக் கொஞ்சம் கூட்டுங்க" எண்டா எல்லாம் நல்லம். "திரு. ராசன், வயலினின் ஒலி எனது செவிகளை எட்டவில்லை" எண்டா, தொலைஞ்சுது.

இனி அந்தப் பாட்டுட கதை. சண்டைக்குப் பிறகு வாகரைப் பாதை ஒழுங்காத் திறந்த காலம். கரையோர ஊர்களில பொம்பிளைகள் பாடுற கவியைப் பதிஞ்சு கொண்டுவரச் சொல்லி டீச்சர் என்னை அனுப்பினா. என்ட போனில டோர்ச் மட்டும்தான் ஒழுங்கா வேலை செஞ்சது. அதால ரேடியோவும் கசட்டும் சேந்த என்ட பழைய ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு மாங்கேணிக்குப் போனன். கடற்கரையில கருவாடு காயப் போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பொம்பிளைகள் இருந்தாங்க. "பாட்டா? எங்களிட்ட என்ன பாட்டு இரிக்கி மனே?" எண்டு ஒருத்தருக்கு ஒருத்தர் தள்ளினாங்க. கடைசியில நாப்பத்தஞ்சு வயசு மதிக்கத்தக்க ஒரு அக்கா, கையில இருந்த செதிலைத் துடைச்சுப்போட்டுப் பாடத் துவங்கினா.

போன தோணி காணயில்ல
பொழுதும் இப்ப சாயுதுகா
ஆக்கி வைச்ச சோறு இங்க
ஆறிப் போச்சே என்ட மச்சான்

விளக்குக் கொளுத்தி வைச்சிருக்கன்
வாசல் பாத்துக் குந்திருக்கன்
கடலே அவர என்ன செஞ்சாய்
கண்டா திருப்பி அனுப்பிவிடு

இந்த இடத்தில ஒரு உண்மையைச் சொல்லணும். சவுண்ட்காரன் பாட்டுக் கேக்க மாட்டான். நான் ரெக்கோடர்ட ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டுதா எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தன். சொல்லு ஒண்டும் மண்டைக்குள்ள ஏறல்ல. அந்த நேரம் பாத்து 'டக்' எண்டு கசட் ஒரு பக்கம் முடிஞ்சு போச்சு. நான் அவசரத்தில கழட்டி, மற்றப் பக்கம் திருப்பி, மூடி பூட்டாம நிண்டு மல்லுக்கட்ட, அக்கா நிக்காமப் பாடி முடிச்சிட்டா. எல்லாப் பொம்பிளைகளும் கொல்லெண்டு சிரிச்சாங்க. என்ட அந்தரத்தைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க எண்டு நினைச்சு நானும் சேந்து சிரிச்சன். அவட பேரைக்கூடக் கேக்கல்ல. நன்றி சொல்லி பஸ் ஏறிட்டன். அண்டைக்குக் கிரிக்கெட் மெச். வீடு வந்து சேரும் வரைக்கும் அதே ரெக்கோடரில ரேடியோவைப் போட்டு, முழு பஸ்ஸுக்கும் கேக்கக்கூடியதா மெச் கேட்டுக்கொண்டு வந்தன். பட்டரி செத்துக்கொண்டிருந்தது எனக்கு எங்க தெரியும்?

அடுத்த நாள் டீச்சர் வீட்டில கசட்டைப் போட்டன். பட்டரி இறங்கினா கசட் மெதுவாச் சுத்தும். மெதுவாச் சுத்தினா குரலும் கீழ இறங்கும். அந்த அக்காட பாட்டு, ஆழக் கிணத்துக்குள்ள இருந்து ஒரு வயசான மனுசி அழுறது மாதிரி வந்திச்சு. ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்து. டீச்சர் கண்ணாடியைக் கழட்டினா. "எவ்வளவு துக்கம், ராசன்!" எண்டா. அவட கண் கலங்கியிருந்திச்சு. ரெண்டு நாளில மெட்டை அப்பிடியே எடுத்து, ஹனிபா நானாவையும் எல்மோவையும் கூப்பிட்டு வாத்தியமும் சேத்திட்டா.

மூண்டாம் நாள் நான் புதுப் பட்டரி போட்டுக் கேட்டன். ஐயோ! அந்தப் பாட்டு துள்ளிக்கொண்டு ஓடிச்சு. கிண்டல் செய்யிற பொம்பிளைட குரல், பின்னால கை தட்டுறாங்க, முதல் நாள் விம்மல் மாதிரிக் கேட்டது யாரோ அடக்கி அடக்கிச் சிரிக்கிறது. உடன டீச்சர் வீட்டுக்குப் போனன். கேற்றைத் திறக்கக்கயே உள்ளுக்குப் பாட்டுக் கேட்டுது. ஊத் மெல்ல விழ, வயலின் அதுக்குப் பின்னால நடக்க, டீச்சர் 'ஆறிப் போச்சே' எண்டு பாடுறா. நான் என்ட வாழ்க்கையில அதைவிட நல்ல சத்தம் கேட்டதில்ல. சொல்ல வந்ததைச் சொல்லல்ல. உள்ள போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திட்டன்.

அந்தப் பாட்டுதான் எங்களைத் தூக்கி விட்டது. கொழும்பு, பிறகு இந்தியா, பிறகு குளிர் நாடுகள். சீடி உறையில 'மரபுப் பாடல், மாங்கேணிப் பகுதி' எண்டு போட்டாங்க. மேடையில டீச்சர் அதுக்கு முன்னால ஒரு சின்ன விளக்கம் குடுப்பா: "கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனுக்காக ஒரு பெண் பாடியது." வருசம் போகப் போக அந்த விளக்கமும் வளந்து போச்சு. முதல்ல கணவன் திரும்பல்ல. பிறகு அவ தினமும் கரையில நிக்கிறா. ஒரு குளிர் நாட்டில மொழிபெயர்த்த பிள்ளை அவ பைத்தியமாகிச் செத்துப் போனா எண்டே சொல்லிட்டுது. சனம் மூக்கைச் சிந்திச்சு. நான் பின்னால மிக்சரில நிண்டு எதிரொலியை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டன். எனக்கு மட்டும்தான் தெரியும், இது துக்கப் பாட்டில்ல எண்டு. தெரிஞ்சா டீச்சர் என்ட முகத்தில முழிக்கமாட்டா, குழுட பேரும் போயிடும். அந்தப் பயம் எட்டு வருசம் என்னோட மேடை மேடையா வந்திச்சு.

எல்லா ஊருக்கும் போனம், மாங்கேணிக்கு மட்டும் போகல்ல. போகாமப் பாத்துக்கொண்டது நான். ஆரும் அந்தப் பக்கம் கூப்பிட்டா, பாதை சரியில்ல எண்டுவன். கரண்ட் காணாது எண்டுவன். அமிர்தகழித் திருவிழாவுக்கு நேர்த்தி இருக்கு எண்டும் ஒருக்காச் சொன்னன். "திருவிழா முடிஞ்சு ரெண்டு மாசமாகுது ராசன்" எண்டா டீச்சர். கடைசியில அவவே அந்த ஊர்ப் பாடசாலை அதிபரோட கதைச்சு நாள் குறிச்சிட்டா. "பாட்டை அந்த ஊருக்கே கொண்டுபோய்க் குடுக்கணும்" எண்டா.

பின்னேரம் நாலு மணிக்கு நிகழ்ச்சி. பாடசாலை மைதானம் நிறைஞ்ச சனம். நான் கை தட்டிப் பாத்தது, காலுறை போட்டது எல்லாம் கை தானாச் செஞ்சுது. கண் அந்த அக்காவைத் தேடிச்சு. ரெண்டாம் வரிசையில இருந்தா. தலை கொஞ்சம் நரைச்சிருந்திச்சு. பக்கத்தில வெள்ளைச் சாரம் கட்டின மெலிஞ்ச மனுசன் ஒருத்தர், வாய் நிறைய வெத்திலையோட.

டீச்சர் விளக்கம் சொன்னா. கடலுக்குப் போன கணவன், கரையில காத்திருந்த மனைவி. என்ட விரல் மெயின் சுவிச்சில இருந்திச்சு. ஒருக்கா அமத்தினாக் காணும், கரண்ட் போச்சு எண்டு சொல்லித் தப்பலாம். ஊத் துவங்கிச்சு. டீச்சர் மூச்செடுத்தா. பாடப் போற மனுசிட மூச்சை வெட்ட எனக்குக் கை வரல்ல. விரலை எடுத்திட்டன்.

முதல் ரெண்டு வரிக்கும் அந்த அக்காட முகத்தில ஒண்டும் இல்ல. மற்றவங்களைப் போலவே நல்ல பாட்டு எண்டு கேட்டுக்கொண்டிருந்தா. 'ஆக்கி வைச்ச சோறு' வர, மெல்லத் திரும்பிப் பக்கத்தில இருந்த மனுசனைப் பாத்தா. அவர் கண்ணைத் துடைச்சுக்கொண்டிருந்தார். பாட்டு முடிய, சனம் கை தட்டவும் இல்ல, அசையவும் இல்ல. எனக்கு அது நல்ல சகுனமாப் படல்ல.

அந்த அக்கா எழும்பினா. "டீச்சர் அம்மா, ஒரு கேள்வி. செத்தது ஆரு?"

டீச்சர் கையைக் கூப்பிக்கொண்டு, "இந்தப் பாட்டைப் பாடின அம்மாட கணவர். கடலுக்குப் போனவர்" எண்டா.

"அவர் இந்தா இரிக்காரே! வெத்தில சப்பிக்கொண்டு!"

மைதானமே திரும்பிப் பாத்திச்சு. வாய் நிறைய வெத்திலை, கண் நிறையத் தண்ணி, அந்த மனுசனால ஒண்டும் சொல்ல ஏலாது. இடாப்புக் கூப்பிட்டாப் பள்ளிப் பிள்ளை கையை உயர்த்துற மாதிரி மெல்ல ஒரு கையை உயர்த்தினார். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. எல்மோ வயலினைக் கீழ வைச்சிட்டார். அவர்தான் சீனித்தம்பி அண்ணன். அந்த அக்காட பேர் பாக்கியம். எட்டு வருசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் எனக்கு அந்தப் பேர் தெரிய வந்திச்சு.

பாக்கியம் அக்கா சிரிக்கல்ல. நேர மேடைக்கு ஏறினா. "இது மரபும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான் கட்டின பாட்டு. கலியாணம் முடிஞ்ச புதுசு. கடலுக்குப் போன மனுசன் அங்கால வாழைச்சேனையில கரை ஏறி, மீனை வித்துப்போட்டு, ஓட்டமாவடிக் கடையில குந்தியிட்டார். ஊரே கரையில நிண்டு தேடிச்சு. கிறுகி வந்தவரை வைச்சுப் பகிடிக்குக் கட்டினன்." பிறகு அவட குரல் மாறிச்சு. கை கழுத்தில தாலியைப் பிடிச்சிருந்திச்சு. "அவர் ஒவ்வொரு நாளும் விடியக்காலம் கடலுக்குப் போறவர், அம்மா. நான் மனசால நினைச்சும் பாக்காததை நீங்க ஊரூராக் கொண்டுபோய் மைக்கில பாடியிருக்கீங்க. தாலியோட இரிக்கிறவளைத் தாலி அறுத்தவளாக்கி. எத்தினை தரம் பாடினீங்க?"

நான் டீச்சரை அப்பிடிப் பாத்ததே இல்ல. வெறும் காலோட மேடையில நிண்டு, அந்த அக்காட கையைப் பிடிச்சு, "சரியாப் பாடிக் காட்டுங்க அம்மா, நாங்க படிக்கிறம்" எண்டா.

பாக்கியம் அக்கா கை தட்டிக்கொண்டு துவங்கினா. அதே சொல்லு, துள்ளிக்கொண்டு. கீழ இருந்த பொம்பிளைகள் எல்லாருக்கும் பாடம், சேந்து பாடினாங்க. ஹனிபா நானா ரபானை எடுத்திட்டார். எல்மோட வயலின் கலியாண வீட்டு ஆட்டத்துக்குப் போயிட்டு. அப்பதான் என்ட கசட்டில ஏறாத அந்தக் கடைசி அடி வந்திச்சு.

கடல்ல போய்த் தேடாதீங்க
கரையிலதான் இரிக்கார்கா
ஓட்டமாவடிக் கடையில
ஒம்பதாவது தேத்தண்ணிகா

சிரிப்பில மைக்கெல்லாம் கூவிச்சு. நான் குறைக்கவும் மறந்து நிண்டன்.

மேடைக்குப் பின்னால பாக்கியம் அக்கா ஒரு நிபந்தனை போட்டா. "பாட்டைப் பாடுங்க, வேணாம் எண்டு சொல்லல்ல. ஆனா என்ட மாதிரிப் பாடுங்க. இந்த மனுசன் உசிரோட இரிக்கும் மட்டும் அந்த அழுகையைப் பாட ஒண்ணா." டீச்சர் தன்ட தலையில கை வைச்சுச் சத்தியம் செஞ்சா. பிறகு எங்கட பக்கம் திரும்பி, இந்தப் பிழை எங்க நடந்தது எண்டு கேட்டா. ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். பட்டரி, கிரிக்கெட், கசட் முடிஞ்சது, தேத்தண்ணி குடிச்சிட்டுச் சொல்லாம வந்தது எல்லாத்தையும் சொல்லிட்டன்.

டீச்சருக்குச் செந்தமிழ் வந்திச்சு. "திரு. ராசன், எட்டு ஆண்டுகளாக நீங்கள் இதனை அறிந்திருந்தீர்கள். உயிரோடிருக்கும் ஒரு மனிதரை என் வாயால் கொன்றுகொண்டிருந்தேன். நீங்கள் பின்னால் நின்று ஒலியைச் சீர்செய்துகொண்டிருந்தீர்கள்." நான் தலையைக் குனிஞ்சன். வெக்கம் எண்டா என்ன எண்டு அண்டைக்குத் தெரிஞ்சுது.

நான் போய் எங்கட வான் வண்டிக்குள்ள வயர் சுத்திக்கொண்டிருக்க, சீனித்தம்பி அண்ணன் அங்கயும் இங்கயும் பாத்துக்கொண்டு வந்தார். "தம்பி, அந்த மெதுவான பாட்டு உன்னட்ட இரிக்கா? என்ட போனில போட்டுத் தா. பாக்கியத்துக்குச் சொல்லாத."

"ஏன் அண்ணே? உங்களைச் சாகடிச்ச பாட்டல்லவா?"

"முப்பது வருசமா என்னப் பாத்து ஊரே சிரிக்கிற பாட்டு மனே அது. இண்டைக்குத்தான் அதுக்குள்ள அவள் என்னத் தேடுறது கேட்டுது."

போட்டுக் குடுத்தன். ஒரு ரகசியத்தைச் சொல்லி முடிச்சு அரை மணித்தியாலம் ஆகல்ல, அடுத்ததை எடுத்து மடியில கட்டிட்டன். என்ட வாய் அப்பிடி.

டீச்சர் என்னை வேலையால நிப்பாட்டல்ல. ஆனா அடுத்த சவுண்ட் செக்கில மைக்குக்கு முன்னால வந்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" எண்டு சொல்லிட்டுப் போயிட்டா. கத்தரிக்காயும் இல்ல, சுண்டலும் இல்ல. மூண்டு மாசம் அப்பிடித்தான். ஏசியிருந்தாத் தாங்கியிருப்பன். அந்த ஒண்டு, ரெண்டு, மூண்டைத்தான் தாங்க ஏலாமப் போச்சு. பிறகு ஒருநாள் களுதாவளைப் பக்கம் ஒரு மேடையில, "பலாக்கொட்டைக் கறி" எண்டு மெல்லச் சொன்னா. நான் மிக்சருக்குக் கீழ குனிஞ்சு, வயர் தேடுற மாதிரி மூக்கைத் துடைச்சன்.

புதுச் சீடியில 'பாடலும் மெட்டும்: பாக்கியம், மாங்கேணி' எண்டு போட்டம். மேடையில துள்ளிற பாட்டுத்தான் பாடினம். வெளிநாட்டில நிகழ்ச்சி வைக்கிற ஆக்களுக்கு ஏமாற்றம், அந்த அழுகைப் பாட்டு எங்க எண்டு கேட்டாங்க. "பாட ஏலாது, அவர் உயிரோட இருக்கார்" எண்டு டீச்சர் பதில் எழுதினா. அதுக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரர் வருசா வருசம் மெயில் போட்டு, சீனித்தம்பி அண்ணன்ட உடம்பு எப்பிடி எண்டு அக்கறையா விசாரிப்பார். நல்ல சுகம் எண்டு டீச்சரும் சந்தோசமா எழுதிவிடுவா. சீனித்தம்பி அண்ணனுக்கு இதைச் சொன்னா வெத்திலை வெளியில வரச் சிரிப்பார்.

அவரைக் கடல் எடுக்கல்ல. சீனி வியாதிதான் எடுத்தது. ரெண்டு கிழமை ஆஸ்பத்திரியில கிடந்து, அமைதியாப் போயிட்டார். செத்த வீட்டுக்குப் போய் வந்தம். கொஞ்ச நாளில பாக்கியம் அக்கா எனக்குப் போன் எடுத்தா.

"மனே, அவர்ட போனில அந்தப் பாட்டு இரிக்கி. நீதானே குடுத்த?"

பொய் சொல்ல நினைச்சன். வாய் வரல்ல. "ஓம் அக்கா."

"தோணியில கூடப் போற ஆள் சொல்றார், ஒவ்வொரு நாளும் வலை இழுத்து முடிய அதைக் கேட்டுப்போட்டுத்தான் கரைக்குக் கிறுகுவாராம்." பிறகு மெல்லச் சொன்னா: "என்னட்டக் கேட்டிருந்தா நான் பாடியிருப்பனே மனே. மெதுவாவே பாடியிருப்பனே."

அவவே மறுகாச் சொன்னா: "முப்பத்தொண்டுக்கு எல்லாரும் வாங்க. இனி மெதுவாப் பாடலாம்."

முப்பத்தோராம் நாள் பகல் போனம். முத்தத்தில சின்னதா ஒரு செற் போட்டன். உள்ளுக்குப் படத்துக்கு முன்னால வாழையிலை விரிச்சுச் சோறு, கறி, சுட்ட மீன், வெத்திலை எல்லாம் படைச்சிருந்திச்சு. ஹனிபா நானாவும் எல்மோவும் மெல்ல வாசிக்கத் துவங்கினாங்க. டீச்சர் பாட வாயைத் திறக்க, பாக்கியம் அக்கா அவட தோளில கை வைச்சா. "நான் பாடுறன் அம்மா."

நான் ஓடிப்போய் அவவுக்கு முன்னால மைக்கை வைச்சன். அவ அதைப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டா. "இது வேணாம் மனே. அவருக்கு மட்டும் கேட்டாக் காணும்."

மிக்சருக்குத் திரும்பி வந்து ஒவ்வொண்டா எல்லாத்தையும் கீழ இறக்கினன். ஊத், வயலின், டீச்சர்ட மைக், எல்லாம். பாக்கியம் அக்கா படத்தைப் பாத்துக்கொண்டு பாடினா. அப்பிடி மெதுவா ஒரு பட்டரியாலயும் பாட வைக்க ஏலாது. விளக்குக் கொளுத்தினதையும், வாசல் பாத்துக் குந்தினதையும் அவசரமே இல்லாமப் பாடினா. கடைசி அடியையும் விடல்ல. ஓட்டமாவடிக் கடையும் ஒம்பதாவது தேத்தண்ணியும் அதே மெதுவில வந்திச்சு. சிரிக்கிறதா அழுறதா எண்டு ஒருத்தருக்கும் தெரியல்ல. நான் அழுதன். டீச்சரும் அழுதா.

பாடி முடிய அக்கா முகத்தைத் துடைச்சா. இலையில இருந்த சோத்தைக் கையால தொட்டுப் பாத்தா. "இனியாவது வந்து தின்னுங்க" எண்டா. "ஆறுது."

மைக்கே வேணாத அந்தப் பாட்டுக்குப் பிறகு நான் ஒரு மேடைக்கும் செற் போடல்ல, ஷர்மி. அதாலதான் வேலை உன்ட கைக்கு வந்தது.